இசையின் புனிதர் காலடியில் உடைந்த வாத்தியங்கள் எதற்கு? ரஃபேலின் ஓவியம் சொல்லும் கதை

இத்தாலியின் போலோன்யா நகரில் உள்ள தேசிய ஓவியக் கூடத்தில், இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமான ஓவியம் ஒன்று இருக்கிறது. மறுமலர்ச்சிக் கால மேதை ரஃபேல், சுமார் 1514 முதல் 1517 வரையிலான காலத்தில் வரைந்தது. ஐந்து புனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் இருப்பவர் புனித செசிலியா. கத்தோலிக்க மரபில் இசைக்கும் இசைக் கலைஞர்களுக்கும் பாதுகாவலர் இவர்தான்.

ஆனால், அவர் காலடியைப் பாருங்கள். வயோலா, டாம்பூரின், முக்கோணம், தாளங்கள், புல்லாங்குழல்கள், சிறு முரசுகள் என ஒரு கச்சேரிக்குத் தேவையான அத்தனையும் தரையில் சிதறிக் கிடக்கின்றன. உடைந்தும் பழுதாகியும் கிடக்கும் அவற்றை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செசிலியாவின் கையில் ஒரு சிறிய குழல் ஆர்கன் இருக்கிறது. அதையாவது வாசிக்கிறாரா என்றால், அதுவும் இல்லை. ஆர்கன் தலைகீழாகச் சாய்ந்து, குழல்கள் ஒவ்வொன்றாக நழுவி விழப் பார்க்கின்றன. அவர் முகமோ வானத்தை நோக்கி இருக்கிறது.

இசையின் பாதுகாவலர் வாத்தியங்களை இப்படிப் போட்டுவிட்டு நிற்பானேன்? ரஃபேல் இசைக்கு எதிராகவா வரைந்தார்? ஐந்நூறு ஆண்டுகளாகப் பலரும் கேட்டுவரும் கேள்வி இது. பதில் ஓவியத்துக்குள்ளேயே இருக்கிறது. வாசிக்கத் தெரிந்தால் போதும்.

யார் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கையில் வேல் இருந்தால் முருகன், புல்லாங்குழல் இருந்தால் கண்ணன் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐரோப்பியக் கிறிஸ்தவ ஓவியங்களும் இதே வழியில்தான் செல்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத மக்களும் கோயில் ஓவியத்தைப் பார்த்ததும் புரிந்துகொள்ள வேண்டும். அதனால் ஒவ்வொரு புனிதருக்கும் ஓர் அடையாளப் பொருள். பெரும்பாலும் அது அவர் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்தோ, அவர் இறந்த விதத்திலிருந்தோ வரும்.

இந்த ஓவியத்தில் இடது ஓரத்தில் நிற்பவரிடம் வாள் இருக்கிறது. அதன்மேல் கை ஊன்றி, மோவாயைத் தாங்கியபடி யோசனையில் இருக்கிறார். அவர் புனித பவுல். ரோமில் அவர் வாளால் தலை வெட்டப்பட்டு இறந்தார் என்பது மரபு. கொன்ற ஆயுதமே அவரது அடையாளம் ஆகிவிட்டது.

அவருக்குப் பின்னால் இளமையான முகம், கீழே ஒரு கழுகு. கழுகு என்றால் நற்செய்தியாளர் யோவான். நான்கு நற்செய்தியாளர்களுக்கும் ஆளுக்கொரு சின்னம் உண்டு: மத்தேயுவுக்கு மனிதன், மாற்குக்குச் சிங்கம், லூக்காவுக்குக் காளை, யோவானுக்குக் கழுகு.

செசிலியாவுக்கு வலப்புறம், ஆயரின் செங்கோலுடன் நிற்பவர் புனித அகுஸ்தினார். இன்றைய அல்ஜீரியாவில் இருந்த ஹிப்போ நகரின் ஆயர். வலது ஓரத்தில் கையில் சிமிழ் ஏந்தியிருப்பவர் மகதலா மரியா. இயேசுவின் உடலுக்குப் பூச நறுமணப் பொருட்களோடு கல்லறைக்குச் சென்றவர்களில் ஒருவர் என்பதால் தைலச் சிமிழ் அவரது அடையாளம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? பவுலும் யோவானும் முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள். அகுஸ்தினார் வாழ்ந்தது 354 முதல் 430 வரை. செசிலியா இவர்களுக்கு இடைப்பட்ட காலத்தவர். நிஜத்தில் இவர்கள் ஒரே இடத்தில் கூடியிருக்க வாய்ப்பே இல்லை. இப்படிப் பல காலத்துப் புனிதர்களை ஒரே இடத்தில் நிறுத்தி வரைவதை இத்தாலியர்கள் ‘புனித உரையாடல்’ என்று அழைக்கிறார்கள். பெயர்தான் உரையாடல், பெரும்பாலான ஓவியங்களில் யாரும் வாய் திறப்பதில்லை. பேசுவது கண்களும் கைகளும்தான்.

செசிலியா உண்மையில் என்ன வாசித்தார்?

இங்கேதான் சுவாரசியமான ஒரு முடிச்சு இருக்கிறது.

செசிலியாவின் வாழ்க்கைக் கதை, 5ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் ஒரு லத்தீன் நூலிலிருந்து வருகிறது. ரோமின் உயர்குடிப் பெண். கடவுளுக்கே தன்னை அர்ப்பணித்துக் கன்னியாக வாழ முடிவெடுத்தவர். வீட்டாரோ வலேரியன் என்ற இளைஞனுக்குத் திருமணம் செய்து வைக்கிறார்கள். பொன்னாடைக்கு உள்ளே, உடலை உறுத்தும் முரட்டுத் துணியை அவர் அணிந்திருந்தாராம். திருமண நாளில் வாத்தியங்கள் முழங்குகின்றன. அந்த நேரத்தில் செசிலியா கடவுளை மட்டுமே நினைத்துத் தன் இதயத்துக்குள் பாடிக்கொண்டிருந்தார் என்கிறது அந்நூல். பின்னர் வலேரியனும் கிறிஸ்தவராகிறார். இருவருமே மறைசாட்சிகளாக இறக்கிறார்கள்.

அதாவது, மூலக்கதையில் செசிலியா எந்த வாத்தியத்தையும் வாசிக்கவில்லை! வாசித்தவர்கள் வேறு யாரோ. இவர் அந்தச் சத்தத்துக்கு நடுவே காதை மூடிக்கொண்டவர் மாதிரி, உள்ளுக்குள் பாடியவர்.

அப்படியானால் இசையின் பாதுகாவலர் ஆனது எப்படி? அந்த வரி வழிபாட்டுப் பாடலாக மாறியபோது ‘இதயத்துக்குள்’ என்ற சொல் விடுபட்டுப்போனது. போதாக்குறைக்கு, லத்தீனில் ‘ஆர்கானா’ என்றால் பொதுவாக எல்லா வாத்தியங்களையும் குறிக்கும். பிற்காலத்தில் அது தேவாலயத்தில் ஒலிக்கும் ஆர்கனை மட்டும் குறிப்பதாகப் புரிந்துகொள்ளப்பட்டது. ஒரு சொல் போய், இன்னொரு சொல்லின் பொருள் சுருங்கியதில், ‘செசிலியா ஆர்கன் வாசித்தபடி கடவுளைப் பாடினார்’ என்ற புதிய கதை பிறந்துவிட்டது. ஓவியர்களும் அவர் கையில் ஆர்கனைக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

ரஃபேலின் ஓவியத்தில் இரண்டு கதைகளுமே இருக்கின்றன. புதிய கதைப்படி ஆர்கன் அவர் கையில் இருக்கிறது. பழைய கதைப்படி அதை அவர் வாசிக்கவில்லை. திருமண வீட்டில் முழங்கிய வாத்தியங்கள் எல்லாம் காலடியில் மௌனமாகிக் கிடக்கின்றன.

மூன்று அடுக்கு இசை

ஓவியத்தைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். தரையில், ஆட்டம் பாட்டத்துக்கும் கேளிக்கைக்கும் உரிய வாத்தியங்கள். நடுவில், கோயிலுக்கு உரிய ஆர்கன். மேலே மேகங்கள் விலகிய இடத்தில், ஏடுகளைப் பார்த்துப் பாடும் வானதூதர்கள். அவர்கள் கையில் எந்த வாத்தியமும் கிடையாது. வெறும் குரல் மட்டும்.

இது தற்செயலாக அமைந்ததல்ல. ரஃபேலோடு இணைந்து பணியாற்றிய செதுக்கோவியக் கலைஞர் மார்க்கண்டோனியோ ரைமொண்டி, இதே காட்சியை அச்சுப் படமாக வெளியிட்டிருக்கிறார். ரஃபேலின் முந்தைய வரைவை ஒட்டி அது செய்யப்பட்டது என்பது ஆய்வாளர்களின் பரவலான கருத்து. அந்தப் படத்தில் வானதூதர்கள் வாத்தியம் வாசிக்கிறார்கள். இறுதி ஓவியத்திலோ அந்த வாத்தியங்கள் காணாமல் போய்விட்டன. சொர்க்கத்தில் குரல், பூமியில் கருவி என்று ஓவியர் யோசித்துப் பிரித்திருக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல தடயம் கிடைப்பது கஷ்டம்.

இதற்கு இரண்டு விதமாக விளக்கம் சொல்கிறார்கள். ஒரு சாரார், 6ஆம் நூற்றாண்டு அறிஞர் போத்தியஸ் இசையை மூன்றாக வகுத்ததை நினைவூட்டுகிறார்கள்: பிரபஞ்சத்தின் ஒழுங்கில் உள்ள இசை, மனித உடலும் உயிரும் இணங்கி நிற்பதில் உள்ள இசை, கருவிகள் எழுப்பும் இசை. இதில் கருவிகளுக்குக் கடைசி இடம். ரஃபேல் அந்தப் படிநிலையைத்தான் வரைந்திருக்கிறார் என்பது இவர்கள் வாதம்.

இன்னொரு சாரார் இதைத் துறவின் படமாகப் பார்க்கிறார்கள். அந்தக் காலத்தில் டாம்பூரின், புல்லாங்குழல் போன்றவை விருந்து, நடனம், காதல் ஆகியவற்றோடு சேர்த்தே எண்ணப்பட்டன. அவை உடைந்து கிடப்பது, செசிலியா உதறிவிட்ட உலக இன்பங்களுக்கான அடையாளம். அவர் இடையில் கட்டியிருக்கும் கச்சை கற்பு நெறியைக் குறிப்பது.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. ஒரே பொருளில் பல அர்த்தங்களை ஏற்றி வைப்பதுதான் அந்தக் கால ஓவியர்களின் வழக்கம்.

கண்கள் போகும் திசை

மறுமலர்ச்சி ஓவியத்தை வாசிக்க இன்னொரு எளிய வழி உண்டு. பொருட்களை விட்டுவிட்டு, யார் எங்கே பார்க்கிறார்கள் என்று மட்டும் கவனிப்பது.

பவுல் கீழே பார்க்கிறார். செசிலியா மேலே பார்க்கிறார். யோவானும் அகுஸ்தினாரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். மகதலா மரியா மட்டும் ஓவியத்துக்கு வெளியே, நேராக நம்மைப் பார்க்கிறார்.

பவுலின் தலை கீழே கிடக்கும் வாத்தியங்களின் பக்கம் கவிழ்ந்திருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில், அன்பு இல்லாதவன் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அது வெறும் வெண்கல ஓசைக்கும் தாளத்தின் சத்தத்துக்கும் சமம் என்ற பொருளில் எழுதியவர் பவுல். தாளங்கள் தரையில் கிடக்க, அதை எழுதியவரே பக்கத்தில் நின்று சிந்திப்பது அன்றைய பக்தர்களுக்கு உடனே உறைத்திருக்கும்.

அகுஸ்தினார் இங்கே இருப்பதற்கும் இசையோடு தொடர்பு உண்டு. தன் ‘ஒப்புதல்கள்’ நூலில் அவர் ஒரு மனக்குழப்பத்தைப் பதிவு செய்கிறார். தேவாலயத்தில் பாடல் கேட்கும்போது மனம் உருகுகிறது, பக்தி பெருகுகிறது. ஆனால், பாடலின் பொருளைவிட ராகத்தில் மனம் அதிகமாக மயங்கிவிட்டால் அது பாவம் ஆகிவிடுமோ என்ற அச்சமும் அவருக்கு. பக்தி இசையைக் கேட்டு ரசிக்கும் எவருக்கும் இந்தக் குழப்பம் புரியும். நாம் தொழுவது கடவுளையா, இல்லை அந்தக் குரலையா?

மகதலா மரியாவின் பார்வை வேறு வகை. மேலை மரபில் அவர் பாவ வாழ்க்கையை விட்டு மனம் திரும்பிய பெண்ணாகவே பல நூற்றாண்டுகள் அறியப்பட்டார். 591இல் போப் முதலாம் கிரகோரி ஆற்றிய மறையுரையில், நற்செய்திகளில் வரும் வெவ்வேறு பெண்களை ஒருவராகச் சேர்த்துச் சொன்னதால் நிலைபெற்ற பிம்பம் அது. இன்று அந்த அடையாளத்தை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் ரஃபேல் காலத்துப் பார்வையாளருக்கு அவர் ‘மாறியவர்’. பூமியையும் அறிந்தவர், வானத்தையும் அறிந்தவர். அதனால்தான் நம்மைப் பார்த்து, ‘நீ எந்தப் பக்கம்?’ என்று கேட்கும் வேலை அவருக்குத் தரப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

ஏன் குறிப்பாக இந்த ஐவர்?

ஓவியர் தன் இஷ்டத்துக்குப் புனிதர்களைத் தேர்ந்தெடுத்து வரைவதில்லை. பணம் கொடுப்பவர் யார், ஓவியம் எந்தக் கோயிலுக்குப் போகிறது என்பதே பெரும்பாலும் அதை முடிவு செய்யும்.

இந்த ஓவியம் போலோன்யாவின் சான் ஜியோவான்னி இன் மோந்தே தேவாலயத்துக்காக வரையப்பட்டது. ‘சான் ஜியோவான்னி’ என்றால் புனித யோவான். கோயிலின் பெயரிலேயே அவர் இருப்பதால் ஓவியத்திலும் அவருக்கு இடம். அந்தக் கோயிலை நிர்வகித்த துறவிகள் பின்பற்றியது அகுஸ்தினாரின் சட்டங்களை. ஆகவே அகுஸ்தினாருக்கும் இடம்.

சரி, செசிலியா? அங்கே வருகிறார் எலெனா துல்யோலி தால்லோலியோ என்ற பெண்மணி. 1472இல் பிறந்த போலோன்யாக்காரர். அந்தத் தேவாலயத்தில் செசிலியாவுக்கென ஒரு சிற்றாலயம் எழுப்பியவர் இவர்தான். ஃப்ளாரன்ஸின் புச்சி குடும்பத்தைச் சேர்ந்த கர்தினால் லொரென்சோ புச்சி ஓவியம் கிடைக்கத் துணை நின்றார்.

எலெனாவின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் ஓவியம் வேறு மாதிரி தெரியும். துறவியாக விரும்பிய அவருக்கும் குடும்பத்தார் திருமணம் செய்து வைத்தார்கள். செசிலியாவைப் போலவே, அவரும் மணவாழ்க்கைக்குள்ளேயே கன்னி விரதம் காத்தார் என்கிறார்கள் அவர் வரலாற்றை எழுதியவர்கள். பெண்ணுக்கு ஒன்று கல்யாணம், இல்லையென்றால் கன்னியர் மடம் என்று இரண்டே வழிகள் இருந்த சமூகம் அது. மூன்றாவதாக ஒரு வழியை வாழ்ந்துகாட்ட நினைத்த ஒரு பெண்ணுக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இன்னொரு பெண்ணின் கதை துணை நின்றிருக்கிறது. சுற்றிலும் கல்யாண மேளம் முழங்க, தன் உள்ளுக்குள் கேட்கும் பாட்டை மட்டும் கேட்டபடி நிற்கும் செசிலியாவில் எலெனா தன்னையே பார்த்திருப்பார்.

எலெனா 1520இல் இறந்தார். ரஃபேல் மறைந்ததும் அதே ஆண்டில்தான், வயது 37. எலெனாவுக்கு 1828இல் திருச்சபை அருளாளர் பட்டம் அளித்தது.

அந்த வாத்தியங்களை வரைந்தது ரஃபேல் இல்லையா?

கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த வசாரி, ஆர்கனையும் தரையில் கிடக்கும் வாத்தியங்களையும் வரைந்தது ரஃபேலின் பட்டறையில் இருந்த ஜியோவான்னி தா உதினே என்று குறிப்பிடுகிறார். பொருட்களைத் தத்ரூபமாக வரைவதில் அவர் கெட்டிக்காரர். பெரிய ஓவியர்களின் பட்டறையில் இப்படி வேலையைப் பிரித்துக்கொள்வது அன்று சகஜம்.

வசாரி இன்னொரு கதையும் சொல்கிறார். ஓவியம் போலோன்யா வந்து சேர்ந்ததும் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து நிறுவும் பொறுப்பு உள்ளூர் மூத்த ஓவியர் ஃப்ரான்சியாவிடம் தரப்பட்டது. அதைப் பார்த்ததும், தன் கலை இதன் முன் ஒன்றுமே இல்லை என்ற ஏக்கத்தில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். வசாரியின் கதைகளைக் கொஞ்சம் உப்பு குறைத்துத்தான் சாப்பிட வேண்டும். ஆனாலும், இந்த ஓவியத்தின் புகழ் எவ்வளவு சீக்கிரம் பரவியது என்பதற்கு இந்தக் கதையே சாட்சி.

பாரிஸ் போய் வந்த ஓவியம்

1796இல் நெப்போலியனின் படைகள் போலோன்யாவுக்குள் நுழைந்தன. இத்தாலியின் பல அரிய படைப்புகளோடு செசிலியாவும் பாரிஸுக்குக் கொண்டுபோகப்பட்டார். மரப்பலகையில் வரையப்பட்டிருந்த ஓவியம் அங்கே துணிக்கு மாற்றப்பட்டது. வண்ணப் படலத்தைக் காப்பாற்றிக்கொண்டு, பின்னாலுள்ள மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கி, துணியில் ஒட்டும் ஆபத்தான வேலை அது. நெப்போலியன் வீழ்ந்த பிறகு 1815இல் ஓவியம் ஊர் திரும்பியது. ஆனால், கோயிலுக்கு அல்ல, ஓவியக் கூடத்துக்கு. சிற்றாலயத்தில் இப்போது இருப்பது ஒரு நகல்.

இந்த இடமாற்றம் சின்ன விஷயமில்லை. கோயிலுக்குள் இருந்தவரை, யோவான் ஏன் இருக்கிறார், அகுஸ்தினார் ஏன் இருக்கிறார் என்று யாரும் கேட்கத் தேவையே இருந்திருக்காது. பூசை நடக்கும்போது மேலே வரையப்பட்ட வானதூதர்களின் பாட்டும், கீழே நிஜமாகப் பாடும் துறவிகளின் குரலும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அருங்காட்சியகச் சுவரில் அந்தப் பாட்டு இல்லை. அதனால்தான் இன்று நமக்கு இவ்வளவு விளக்கம் தேவைப்படுகிறது.

அப்படியானால், இது இசைக்கு எதிரான ஓவியமா?

அப்படிச் சொல்வதற்கில்லை. ஓவியத்தின் உச்சியில் இருப்பதும் இசைதானே! இசையே வேண்டாம் என்று நினைத்திருந்தால் வானத்தில் ஒரு பாடகர் குழுவை வரைந்திருக்க வேண்டிய அவசியமில்லை. செசிலியா இசையை மறுக்கவில்லை. இன்னும் நல்ல இசை ஒன்று கேட்டதால், கையில் இருப்பதை மறந்துபோகிறார். ஆர்கனை அவர் வீசி எறியவில்லை என்பதைக் கவனியுங்கள். பிடி தளர்ந்து அது தானாகச் சரிகிறது.

இசைக் கலைஞர்களும் அவரைத் தங்களுக்கு எதிரானவராக நினைக்கவில்லை. 1585இல் ரோமில் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் ஆணையால் உருவான இசைக் கலைஞர்களின் சங்கம், இன்று ‘சாந்தா செசிலியா’ இசைக் கழகமாக உலகப் புகழ் பெற்றிருக்கிறது. அவரது திருநாளான நவம்பர் 22ஐ ஒட்டிப் பாடல்கள் இயற்றுவது இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் மரபாகவே மாறியது. ஹென்றி பர்செல், ஹாண்டல் போன்ற மேதைகள் அவருக்காக இசையமைத்திருக்கிறார்கள். வாத்தியம் வாசிக்காத ஒருவரைப் பற்றி, வாத்தியங்களை முழக்கிப் பாடிய பாட்டுகள்!

அடுத்த முறை இப்படியொரு பழைய சமய ஓவியத்தை எங்கேயாவது, கைபேசித் திரையிலாவது, பார்க்க நேர்ந்தால் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். யார் கையில் என்ன இருக்கிறது? யார் எங்கே பார்க்கிறார்கள்? தரையில் என்ன கிடக்கிறது? இதை யார், எந்த இடத்துக்காக வரையச் சொன்னார்கள்? முதல் மூன்றுக்கும் பதில் படத்திலேயே கிடைத்துவிடும். நான்காவதற்குக் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். எலெனா போன்றவர்கள் அகப்படுவது அந்தத் தேடலில்தான்.